மட்டக்களப்பு வாழ்வில் எண்ணெயும் தோலும்: ஒரு வரலாற்று நோக்கு

1

எண்ணெய் என்னும் சொல் எள், நெய் என்னும் இரு சொற்களின் சேர்க்கையாற் பிறந்தது. எள்ளிலிருந்து பெறும் நெய்யே முதலில் எண்ணெய் எனப்பட்டது. காலப்போக்கில் அச்சொல் பொதுப்பெயராகிவிடவே, தேங்காயிற் பெறுவது தேங்காயெண்ணெய் என்றும், எள்ளிற் பெறுவது நல்லெண்ணெய் என்றும் வேறுபடுத்தி வழங்கப்படலாயின. சொல்லின் வரலாறு எள்ளை முன்னிறுத்துகின்றது. மட்டக்களப்பு மக்களின் அடுக்களையோ தென்னையை முன்னிறுத்துகின்றது. புட்டுக்குத் தேங்காய்ப்பூ, சொதிக்குத் தேங்காய்ப்பால், பொரியலுக்குத் தேங்காயெண்ணெய் என அன்றாட உணவின் கொழுப்பிற் பெரும்பங்கு தென்னையிலிருந்தே வருகின்றது. நல்லெண்ணெய்க்கு உரிய இடம் வேறு. பூப்பெய்திய பெண்ணுக்கு உழுத்தங்களியோடும், பிள்ளை பெற்ற தாய்க்குக் காயத்தோடும் அது கொடுக்கப்படுகின்றது. முழுக்கு நாளில் உச்சியிலும் உடலிலும் தேய்க்கப்படுகின்றது. இவ்விரண்டோடு மூன்றாவதாக வாவியும் கடலும் தரும் மீனின் கொழுப்பையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

உண்ணும் கொழுப்புக்கும் தோலின் நலத்துக்கும் உள்ள தொடர்பு யாது? கரப்பான் கண்ட பிள்ளையின் உணவை நாம் எவ்வாறு நோக்குதல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் மட்டக்களப்பின் வரலாற்றோடு இணைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கரப்பான் என்பது மரபு வைத்தியத்திற் பல தோல்நோய்களை உள்ளடக்கும் ஒரு விரிந்த பெயர். சொறி, சிரங்கு எனப்படும் தொற்றுநோய்களும் மக்கள் வழக்கில் அதனோடு கலந்துவிடுவதுண்டு. ஈண்டு அச்சொல்லை, குழந்தைப் பருவத்தில் தொடங்கி, முழங்கை முழங்கால் மடிப்புகளிலும் முகத்திலும் வறட்சியும் தினவுமாக வந்து வந்து போகும் எக்சிமா என்னும் நோயைக் குறிக்கவே ஆளுகின்றோம்.

2

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலை அடுத்த மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் சார்ந்த நிலம் படுவான்கரை. எழுவான்கரையின் மணல் தென்னைக்கு உகந்தது. படுவான்கரையின் மேட்டுநிலச் சேனைகள் எள்ளுக்கும் பயறுக்கும் உகந்தவை. ஆகவே, தமிழரும் முஸ்லிம்களும் அயலயலாக வாழும் இப்பிரதேசத்திற் கொழுப்பின் வகைகள் நிலத்தின் இயல்பை ஒட்டியே அமைந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வமைப்புக்குள் ஏற்றுமதி வணிகம் புகுந்தது. 1840களிலிருந்து ஐரோப்பியத் தோட்டக்காரர் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் தென்னந்தோட்டங்களைத் திறந்தனர். அவர்களுடைய கண் சொதியின்மேல் இருக்கவில்லை. ஐரோப்பாவில் விளக்குக்கும் சவர்க்காரத்துக்கும் கொழுப்பு வேண்டியிருந்தது. பிரான்சிய இரசாயனவியலாளர் செவ்ரூல் 1823இல் வெளியிட்ட நூல், கொழுப்புக்கள் கிளிசரீனும் கொழுப்பமிலங்களும் சேர்ந்தவை என்பதை நிறுவியிருந்தது. அவ்வறிவைப் பயன்படுத்தி மெழுகுதிரி செய்யும் தொழில் எழுந்தது. 1830இல் இலண்டனில் எட்வேட் பிறைசு என்னும் பெயரில் தொடங்கப்பட்ட மெழுகுதிரிக் கம்பனி தேங்காயெண்ணெயை மூலப்பொருளாகக் கொண்டதோடு, இலங்கையில் தென்னந்தோட்டத்திலும் முதலிட்டது. 1880களில் இங்கிலாந்தின் லீவர் நிறுவனம் தாவர எண்ணெய்களைக் கொண்டு சவர்க்காரத்தைப் பெருந்தொழிலாக்கியது. 1938இல் அந்நிறுவனத்தின் கிளை கொழும்பிலும் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மாஜரீன் தொழிலும் தேங்காயெண்ணெயை நாடியது.

இவ்வணிகத்தில் ஒரு முரண் உண்டு. தோலிற் பூசப்பட்டு அதன் ஈரத்தைக் காத்த எண்ணெய், கப்பலேறிச் சென்று, காரத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகித் திரும்பியது. தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சிறிது அமிலத் தன்மை உடையது. சவர்க்காரமோ காரத் தன்மையது. அழுக்கோடு தோலின் சொந்தக் கொழுப்பையும் அது கழுவிச் செல்லும். நீளச் சங்கிலிக் கொழுப்பமிலங்களாலான சவர்க்காரத்தைவிடத் தேங்காயெண்ணெயின் இலோரிக்கமிலத்தாலான சவர்க்காரம் தோலை எளிதில் உறுத்தும். சவர்க்காரம் தொற்றுநோய்களைத் தடுத்து எண்ணிறந்த உயிர்களைக் காத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், கரப்பான் கண்ட தோலுக்கு அது நண்பனன்று என்பதும் உண்மையே. ஆண்டின் நடுமாதங்களில், தரையின்மேல் வந்து உடலை உலர்த்தும் கச்சான் காற்று வீசுங் காலத்தில், இது இன்னும் தெளிவாகப் புலப்படும்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி இவ்வரலாற்றில் மற்றொரு திருப்பமாகும். மாவட்டத்துத் தென்னைகளிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தன எனக் கணக்கிடப்பட்டது. புதிதாக நாட்டப்படும் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். வளவில் நின்ற நான்கைந்து தென்னைகளே எண்ணெய்க்கும் பாலுக்கும் ஆதாரமாக இருந்த குடும்பம், அவ்வாண்டுகளில் அவற்றைக் கடையில் விலைகொடுத்து வாங்கும் நிலைக்குத் தள்ளப்பட்டது. கொழுப்பின் வரலாறு விலையின் வரலாறுமாகும் என்பதை அவ்வோர் இரவு உணர்த்திற்று.

3

உணவையும் உடலையும் பற்றி இம்மக்கள் கொண்டிருந்த கருத்துகளை அடுத்து நோக்குவாம். அக்கரைப்பற்றில் 1969 முதல் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, சூடு, குளிர்மை என்னும் எண்ணக்கரு இங்கு உணவு, பிள்ளைப்பேறு, வழிபாடு ஆகிய எல்லாவற்றையும் ஊடுருவி நிற்பதை 1982இலும் 1998இலும் வெளியிட்ட எழுத்துகளில் விளக்கியுள்ளார். அக்கரைப்பற்று 1961வரை மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. உடலின் சூடு மிகுந்தால் அது தோலில் வெளிப்படும் என்பது இக்கருத்தின் ஒரு கூறு. கரப்பான் இரத்தத்தின் கேட்டாலும் உணவின் குற்றத்தாலும் வருவது என்னும் நம்பிக்கை இதனோடு இயைந்தது.

இதன் விளைவு இரண்டு. ஒன்று வெளிப்பூச்சு, மற்றையது பத்தியம். வெளிப்பூச்சிற் சித்த வைத்தியர் பெரிதும் எண்ணெயையே ஊர்தியாகக் கொண்டனர். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்துச் செய்யும் தைலம் இதற்குத் தக்க உதாரணமாகும். பத்தியத்திலோ, கிரந்தி எனப்படும் பண்டங்கள் விலக்கப்பட்டன. இறால், நண்டு, கருவாடு, கத்தரிக்காய் முதலியவை அவற்றுட் சில. வீட்டுக்கு வீடு இப்பட்டியல் நீளும். சில இடங்களில் மீன் முழுவதும், முட்டையும், கச்சானும் அதனுள் அடங்கிவிடும்.

இம்மரபை முழுமையாகப் போற்றுவோரும் முழுமையாகத் தள்ளுவோரும் நம்மிடையே உளர். இரு திறத்தாரும் ஒரு பொருளைக் காணத் தவறுகின்றனர். பூச்சும் பத்தியமும் ஒரே மரபிற் பிறந்தவையாயினும் அவற்றின் பெறுமதி ஒன்றன்று. அதனை அறிவதற்கு நாம் ஆய்வுகூடத்தின் வரலாற்றுக்குச் செல்லுதல் வேண்டும்.

4

கொழுப்பு வெறும் எரிபொருள் என்பதே 1920கள்வரை ஊட்டவியலாரின் பொதுக்கருத்து. மாச்சத்து அதன் இடத்தை நிரப்பிவிடும் என அவர்கள் எண்ணினர். இக்கருத்தை உடைத்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் பேர், மில்ட்ரெட் பேர் தம்பதியர். கொழுப்பு அறவே நீக்கப்பட்ட உணவை அவர்கள் எலிகளுக்குக் கொடுத்தனர். எலிகளின் வளர்ச்சி குன்றியது, தோல் செதில் செதிலாக உரிந்தது, வால் புண்ணாயிற்று. அவை வழக்கத்திலும் மிகுதியாக நீர் குடித்தன. ஆயினும் சிறுநீர் அதற்கேற்ப மிகவில்லை. நீர் தோலின் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது என்பது பின்னரே தெளிவாயிற்று. 1929இல் இந்நோயை அறிவித்த அவர்கள், 1930இல் இலினோலெயிக்கமிலம் என்னும் நிரம்பாத கொழுப்பமிலமே அதனைத் தீர்ப்பது என்று காட்டினர். உடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாத, உணவிலிருந்தே பெறவேண்டிய பொருள் அது. இலங்கையில் தென்னையாராய்ச்சிக்கெனத் தனித் திட்டம் 1928இற் சட்டத்தால் அமைக்கப்பட்டு, பின்னர் லுணுவிலவில் நிலைபெற்றது. ஏறத்தாழ ஒரே காலத்தில், ஓரிடத்தில் தேங்காயெண்ணெயின் விளைவைப் பெருக்கும் ஆராய்ச்சியும், மற்றோரிடத்தில் எவ்வெண்ணெய் உயிருக்கு இன்றியமையாதது என்னும் ஆராய்ச்சியும் தொடங்கின.

இக்கண்டுபிடிப்பு மட்டக்களப்பின் அடுக்களைக்கு ஒரு கூரிய வினாவை எழுப்புகின்றது. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி இலோரிக்கமிலம்; இலினோலெயிக்கமிலம் நூற்றுக்கு 2 அளவே. நல்லெண்ணெயிலோ அது நூற்றுக்கு 40 அளவுக்கு உண்டு. பிற்கால ஆய்வுகூடங்களில், இக்குறைபாட்டை எலிகளில் வேண்டுமென்றே உண்டாக்குவதற்கு, ஐதரசன் ஏற்றிய தேங்காயெண்ணெயே வழக்கமான கொழுப்பாகப் பயன்படுத்தப்பட்டது. அவ்வாறாயின் தேங்காயெண்ணெய் உண்ணும் மக்களின் தோல் நோயுற வேண்டுமன்றோ?

கணக்கிட்டுப் பார்ப்பின் விடை கிடைக்கும். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு, அதில் நூற்றுக்கு 1 முதல் 2 வரையான பங்கு இலினோலெயிக்கமிலமாக இருப்பின் குறைபாடு தோன்றாது. அது ஏறத்தாழ 2 முதல் 4½ கிராம். 30 கிராம் தேங்காயெண்ணெய் இதில் அரைக் கிராமுக்குச் சற்று மேலே தரும். எஞ்சியதைச் சோறும் பயறும் முட்டையும் கச்சானும் எள்ளும் சிறிது சிறிதாக நிரப்புகின்றன. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் தனியாகவே 5 கிராமுக்கு மேல் தந்துவிடும். சூடை, சாளை போன்ற மீன்கள் ஒமேகா-3 வகைக் கொழுப்பமிலங்களைத் தருகின்றன. பல்வேறு பொருள்கள் கலந்த உணவிற் குறைபாடு தோன்றாது. தேங்காயெண்ணெய் மட்டுமே கொழுப்பாகவும், சோறு மட்டுமே உணவாகவும் சுருங்கும்போதுதான் விளிம்பு நெருங்கும். ஆகவே, தோலின் எதிரி தேங்காயெண்ணெயன்று. உணவின் வகை சுருங்குதலே, அதாவது வறுமையே, அதன் எதிரி என்பது பெறப்படும். பூப்புக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உரிய உணவில் நல்லெண்ணெயையும், பாலூட்டும் தாயின் உணவிற் பால்சுறாவையும் சேர்த்த வழக்கம் இவ்வகையைப் பெருக்கியது. இலினோலெயிக்கமிலத்தை அறிந்து நம் முன்னோர் அவ்வாறு செய்தனர் என்று கூறுவது வரலாறாகாது. அனுபவத்தால் வந்த வழக்கம் நற்பயன் தந்தது என்பதே அளவான கூற்றாகும்.

5

எலியிலிருந்து பிள்ளைக்கு வந்த பாதை நேரானதாக இருக்கவில்லை. அதே மினசோட்டாவிற் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஆரில்ட் ஹான்சன், எக்சிமா கண்ட குழந்தைகளின் இரத்தத்தில் நிரம்பாத கொழுப்பமிலங்கள் குறைந்திருப்பதாக 1933இல் அறிவித்தார். ஆளிவிதை எண்ணெய் முதலியவற்றை உண்பித்தபோது சிலர் தேறினர். எலியின் செதிலும் பிள்ளையின் கரப்பானும் ஒரே நோய் என்னும் நம்பிக்கை பிறந்தது. 1963இல் அவரும் அவருடைய குழுவினரும் 428 குழந்தைகளைக் கொண்ட ஆய்வொன்றை வெளியிட்டனர். இலினோலெயிக்கமிலம் மிகக் குறைந்த பாலுணவு பெற்ற குழந்தைகளின் தோல் வறண்டு செதிலுற்றது. அது சேர்க்கப்பட்டபோது குணமாயிற்று. குறைபாட்டுநோய் மனிதருக்கும் உண்டு என்பது இதனால் உறுதியாயிற்று. குறைபாடு தோன்றும் எனத் தெரிந்தும் குழந்தைகளுக்கு அவ்வுணவைக் கொடுத்தமை இன்றைய அறத்துக்கு ஒவ்வாதது என்பதையும் நாம் இங்குப் பதிவுசெய்தல் வேண்டும்.

ஆனால் கரப்பான் அக்குறைபாட்டுநோயன்று. 1982இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலைச் சேர்ந்த ரைட், பேட்டன் ஆகியோர், ஈவினிங் பிரிம்ரோஸ் என்னும் செடியின் விதை எண்ணெய் எக்சிமாவைத் தணிப்பதாக அறிவித்தனர். அவ்வெண்ணெய் பெரும் வணிகமாயிற்று. பிரித்தானியாவில் மருந்தாகவும் அனுமதி பெற்றது. பின்வந்த கட்டுப்பாடுள்ள சோதனைகள் அதனை உறுதிசெய்யவில்லை. 2002இல் அனுமதி மீளப் பெறப்பட்டது. 27 ஆய்வுகளையும் 1596 நோயாளரையும் தொகுத்து நோக்கிய 2013ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பீடு, வெற்று மாத்திரையைவிட அது மேலானதன்று என முடிவு கூறிற்று. எண்ணெயை விழுங்கிக் கரப்பானைத் தீர்க்கலாம் என்னும் எண்பதாண்டு நம்பிக்கை இவ்வாறு தளர்ந்தது.

தளர்ந்ததற்குக் காரணம் தோலின் அமைப்பைப் பற்றிய அறிவு வளர்ந்தமையே. தோலின் வெளிப்புறத்தே உள்ள கொம்புப்படையைக் கல்லும் சாந்தும் கொண்ட சுவருக்கு ஒப்பிட்டு 1983இற் பீற்றர் இலாயஸ் விளக்கினார். உலர்ந்த கலங்கள் கற்கள். அவற்றிடையே உள்ள செரமைட்டு, கொலஸ்திரோல், கொழுப்பமிலம் ஆகியன சாந்து. செரமைட்டுகளுள் முதன்மையான ஒரு வகையில் இலினோலெயிக்கமிலம் பிணைந்துள்ளது என்பதும் அக்காலத்திலேயே அறியப்பட்டது. அவ்வமிலம் இன்றேல் சாந்து நீரைத் தடுக்காது. பேர் தம்பதியரின் எலிகள் நீர் குடித்துக்கொண்டேயிருந்ததன் மறைபொருள் இதுவே. மற்றொரு புறத்தில், 2006இல் ஸ்கொத்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர் பிலாகிரின் என்னும் புரதத்தின் பரம்பரையலகிற் காணப்படும் பழுதுகள் எக்சிமாவுக்குப் பெருங்காரணமாதலை நிறுவினர். இது கல்லின் குறை. கல்லிற் குறையுள்ள சுவருக்குச் சாந்துப் பொருளை உணவின் வழியே மிகுதியாக அனுப்புவதால் முழுப்பயன் விளையாது. குறைபாட்டால் வரும் செதிலுக்கு உணவே மருந்து, கரப்பானுக்கு அவ்வாறன்று.

6

அவ்வாறாயின் எண்ணெய்க்குக் கரப்பானில் இடமில்லையா? உண்டு, அது வெளியே. 2005இல் வெளியான டாக்கா ஆய்வொன்று, குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளின் தோலிற் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது மருத்துவமனையில் ஏற்படும் தொற்றுகள் குறைந்தன எனக் காட்டிற்று. 2014இற் பிலிப்பைன்சில் எக்சிமா கண்ட 117 பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்விற் கனிய எண்ணெயைவிடத் தூய தேங்காயெண்ணெய் மிகுந்த பயன் தந்தது. அது சிறிய ஆய்வே. எனினும் வெட்பாலைத் தைலத்தின் ஊர்தியைத் தெரிந்த கைகளின் அனுபவத்தோடு ஒத்துப்போகின்றது. எல்லா எண்ணெயும் நன்றன்று என்பதும் அறியப்பட்டுள்ளது. ஒலிவ் எண்ணெய் தோலின் அரணைத் தளர்த்தும் என 2013இல் ஒரு பிரித்தானிய ஆய்வு காட்டியது. அன்றியும், பிறந்தநாள் தொட்டுப் பூச்சு இட்டுவந்தால் எக்சிமா வராது தடுக்கலாம் என்னும் எதிர்பார்ப்பை, 1394 குழந்தைகளைக் கொண்ட 2020ஆம் ஆண்டின் பிரித்தானிய ஆய்வு பொய்யாக்கியது. வந்த கரப்பானின் வறட்சியைப் பூச்சுத் தணிக்கும். வருமுன் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. அழற்சி மிகுந்தவிடத்து மருத்துவர் தரும் களிம்பும் இன்றியமையாதது. அதனை எண்ணெயால் ஈடுசெய்தல் இயலாது.

பத்தியத்தைப் பற்றிய தீர்ப்போ இதனினும் கடியது. 2015இல் வெளியான இலண்டன் ஆய்வு, கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 குழந்தைகளை இரு கூறாக்கியது. ஒரு கூறினருக்கு முதலாண்டிலேயே கச்சான் கலந்த உணவு தொடர்ந்து கொடுக்கப்பட்டது. மறு கூறினருக்கு ஐந்து வயதுவரை விலக்கப்பட்டது. விலக்கப்பட்டவர்களிடமே கச்சான் ஒவ்வாமை மிகுந்தது. உண்டவர்களிடம் அது ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அவ்வுணவு மருத்துவக் கண்காணிப்பிற் குழைத்துக் கொடுக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. கரப்பான் மிகுந்த குழந்தைக்கு வீட்டிற் சோதித்துப் பார்த்தல் தகாது. எனினும் பொதுவிதி தெளிவு. ஓர் உணவு குறித்த பிள்ளைக்கு ஒவ்வாது எனச் சோதனையால் நிறுவப்பட்டாலன்றி, கரப்பானின் பெயரால் அதனை விலக்குதல் காப்பாகாது, சிலவேளை கேடாகும்.

இங்கேதான் மட்டக்களப்பின் வினா உயிர்பெறுகின்றது. வசதியுள்ள வீட்டிற் பத்தியம் ஒரு பண்டத்தை விலக்கினால் வேறொரு பண்டம் அதன் இடத்துக்கு வரும். வாவியை நம்பி வாழும் ஏழையின் வீட்டிலோ நிலைமை வேறு. விலைபோகும் இறாலும் நண்டும் சந்தைக்குச் செல்ல, எஞ்சிய சிறுமீனும் முட்டையுமே பிள்ளையின் தட்டுக்கு வருகின்றன. அவற்றையும் கிரந்தி என்று விலக்கினால் எஞ்சுவது சோறும் சொதியுமே. கரப்பானுக்கு அஞ்சிப் பிள்ளையை நாமே குறைபாட்டின் விளிம்புக்குக் கொண்டுசெல்கின்றோம். கல்லிற் குறையுள்ள சுவரிலிருந்து சாந்தையும் பறிக்கின்றோம்.

ஆய்வுகூடமும் அடுக்களையும் இவ்விடயத்தில் ஒரே தவற்றைச் செய்தன என்பதை வரலாறு நமக்குக் காட்டுகின்றது. தோலில் தெரியும் நோய்க்கு வாயிலே விடை தேடின. ஒன்று எண்ணெய்க் குளிகையைக் கூட்டியது. மற்றையது உணவைக் குறைத்தது. ஆய்வுகூடம் தன் தவற்றைத் தானே சோதித்துத் திருத்திக்கொண்டது. நம் மரபுக்கும் அவ்வாய்ப்பை அளிப்பதே அதற்குச் செய்யும் மரியாதையாகும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவமும், மட்டக்களப்பில் மேலை மருத்துவமும் கற்பிக்கப்படும் இக்காலத்தில், தைலத்தின் பயனையும் பத்தியத்தின் பயனையும் தனித்தனியே அளந்து, கொள்ளத்தக்கதைக் கொள்ளவும் தள்ளத்தக்கதைத் தள்ளவும் இரு துறையாரும் ஒன்றுகூடுதல் இயலும்.

தைலக் குப்பி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். தட்டிலிருந்து எடுக்கப்பட்ட மீன் துண்டு மீண்டும் தட்டுக்கு வரட்டும். அதனை வாங்கும் வலு ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டாகும்வரை, தோலின் வரலாறு வைத்திய வரலாறாக மட்டும் எழுதப்பட முடியாது என்பதே நமது துணிபு.